பெயரை மூடிவிட்டுப் படித்த பதிவேடு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். முன் டயரில் காற்று இல்லை, பயிற்சிக்குப் பத்து நிமிடம் தாமதம். கோலசிலாங்கூர் மண்டபத்தில் ஏசி மட்டும் தாராளம். நாளை ஸ்வெட்டர், மறக்கக் கூடாது.

மூன்று நாள். முதல்வர்கள், துணை முதல்வர்கள், தலைமையாசிரியர்கள். தலைப்பு: பள்ளியில் இனப் பாகுபாட்டைக் களைதல், எல்லா மாணவருக்கும் ஒரே நீதி. எங்கள் இடைநிலைப்பள்ளியிலிருந்து நான். மாணவர் நலத் துணை முதல்வர் என்பதால் என் தலையில் விழுந்தது. அனுப்பும்போது முதல்வர் துவான் ஹாஜி சொன்னார்: "உங்களுக்கு இது தேவையே இல்லை, ரீத்தா. நீங்கள் இனம் பார்க்காதவர் ஆயிற்றே." உச்சி குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

நடத்துபவள் ஆய்னா. மலாய்ப் பெண், முப்பது வயது இருந்தால் அதிகம். ஒரு தலைமையாசிரியர், "எங்கள் பள்ளியில் இந்தப் பிரச்சினையே இல்லை" என்றார். "கடைசியாக எந்த மாணவரிடம் கேட்டீர்கள்?" என்றாள். மனுஷன் தண்ணீர் குடித்தார்.

தேநீருக்குக் கரிபாப். உள்ளே உருளைக்கிழங்கைத் தேட வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கட்டொழுங்குக் குழுக் கூட்டம். தர்ஷினி விஷயம். ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். அரசுப் பொதுத்தேர்வு வருஷம். தண்ணீர் போத்தலால் மாணவத் தலைவன் ஒருவனை அடித்து, அவனுக்கு உதட்டில் இரண்டு தையல். அவளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று போன வாரமே அறிக்கை கொடுத்துவிட்டேன். முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறது. முடிந்த வேலை. நினைக்க வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றியது.

வீட்டுப்பாடம் கொடுத்தாள், எங்களுக்கு! பள்ளியின் கட்டொழுங்குப் பதிவேட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் வரிசையைத் தாளால் மூட வேண்டும். குற்றத்தையும் தண்டனையையும் மட்டும் படித்து, எந்த இனப் பிள்ளை என்று ஊகிக்க வேண்டும். பிறகு தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். வரும் வழியில் பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தேன்.

ஐந்து மணி, டீ. சேவியர் ஆலையிலிருந்து வந்து பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் படித்தேன், அவரை ஊகிக்கச் சொன்னேன். பெயரைக் காட்டவில்லை.

"தாமதம். அறிவுரை."

"மலாய், இல்லாட்டி சீனப் பையன்."

"தாமதம். இரண்டு பிரம்படி, பெற்றோரை வரவழைத்தல்."

"நம்ம பையன்."

"ஆசிரியரை எதிர்த்துப் பேசினான். ஆலோசகரிடம் அனுப்பப்பட்டான்."

"நம்மாளு இல்ல."

"எதிர்த்துப் பேசினாள். ஒரு வாரம் இடைநீக்கம்."

"இதுக்குக் கேக்கணுமா லா."

இரண்டு பக்கம். ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நானும் அந்த மாதிரி ஸ்கூல்லதான படிச்சேன். அப்ப பெரம்பத் தூக்குனது வேற ஆளுங்க." குவளையைக் கழுவப் போய்விட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், இப்படி ஒரு முகம் பார்த்ததில்லை.

பதிவேட்டில் எல்லாம் என் கையெழுத்து.

காரணம் எனக்குத் தெரியும். இந்தப் பதவிக்கு வந்த முதல் வாரம் ஆசிரியர் அறையில் காதில் விழுந்தது: "இனிமேல் இந்தியப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்." அன்று முடிவு செய்தேன். என்னை யாரும் அப்படிச் சொல்ல விடமாட்டேன். யாரும் சொல்லவில்லைதான். ஆறு வருஷமாக அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை. செம்பனைத் தோட்டத்து இந்தியப் பிள்ளைகளின் பஸ் தாமதமானால்கூட அவர்கள்தான் அடி வாங்கியிருக்கிறார்கள்.

கோபம். ஆய்னா மேல்.

ஜூலை 9, புதன்

ஸ்வெட்டர் போட்டும் குளிர்.

யார் பகிர்கிறீர்கள் என்று கேட்டாள். சீனப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் எழுந்து, பேசப் பேச அழுதுவிட்டார். என் முறை வந்தபோது, "வித்தியாசம் பெரிதாக இல்லை" என்றேன். வாய் கூசவில்லை. இந்த வயதில் புளுகு இவ்வளவு சரளமா?

மதியம் அடுத்த கேள்வி, தாளில் எழுதி நாமே வைத்துக்கொள்ள: இன்னும் முடியாத ஒரு வழக்கு. அதில் நீங்கள் காதால் கேட்டும் எழுதாமல் விட்டது என்ன?

தாள் காலி. ஆனால் தெரியும்.

விசாரணை அன்று தர்ஷினி சொன்னாள். கேன்டீன் வரிசையில் அந்தப் பையன் அவளைக் 'கெலிங்' என்றான், இந்தியர்களை இழிக்கும் அந்தச் சொல். ஒரு தடவை இல்லை, வரிசை நகரும்வரை. நான் குறுக்கே விழுந்தேன்: "அதெல்லாம் வேணாம். அடிச்சியா இல்லையா, அத மட்டும் சொல்லு." அடித்தேன் என்றாள். அதை மட்டும் எழுதினேன். அவனுக்கு வாய்மொழி அறிவுரை. அவன் அப்பா அலுவலகத்தில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். ஃபேஸ்புக்கில் போடுவேன் என்றார். இந்தச் சொல்லை நான் எழுதினால் 'தன் ஆளுக்குப் பரிந்து பேசுகிறாள்' என்பார்கள். அந்தப் பயம். என் மகளை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கேன்டீனையே இரண்டாக்கியிருப்பேன்.

நான்கு மணிக்குத் தர்ஷினியின் அம்மா போன். "டீச்சர், கூட்டத்துல நீங்க இருக்கீங்கன்னு கேள்விப்பட்டதும்தான் மூச்சு வந்துச்சு. நம்மாளு ஒருத்தங்க இருக்காங்களே." கூட்டம் முடிந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

இடி, ஒரு பாட்டம் மழை. பள்ளி வாசலில் முழங்கால் தண்ணீர்.

திருத்திய அறிக்கை. மூன்று தடவை அடித்து எழுதினேன். முதலில் 'தகாத சொல்' என்று வந்தது. அழித்தேன். 'இனத்தைக் குறிக்கும் சொல்'. அதையும் அழித்தேன். சொல்லையே எழுதினேன். கீழே: 'மாணவி இதை விசாரணையில் கூறினார். நான் பதிவு செய்யவில்லை. தவறு என்னுடையது.'

எழுதிவிட்டு யோசித்தது:
முதல்வர் பதவிக்கான நேர்முகம், கோவிந்தா.
பையனின் அப்பா.
ஆசிரியர் அறை.
தர்ஷினி அடித்ததும் உண்மை. நீக்கினாலும் நீக்கலாம்.

துவான் ஹாஜி மேசையில் வைத்தேன். நின்றபடியே படித்தார். "கூட்டம் நாளைக்கு, ரீத்தா. இதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்." கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். இருக்கட்டும் துவான் என்றேன்.

சேவியர் கேட்டார், சொன்னேன். "இப்பவாச்சும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நாள் முழுக்கச் சண்டை போடலாம் போல இருந்தது. போடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வானம் மூட்டம். காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

கூட்டம் ஒன்பது மணி. குழுவில் ஐந்து பேர். அறிக்கையை நானே வாசித்தேன். அந்தச் சொல்லை அப்படியே வாசித்தேன். யாரும் நிமிரவில்லை. பையனைக் கூப்பிட்டார்கள். இல்லை என்றான். பிறகு, விளையாட்டுக்கு என்றான். பிறகு, "எல்லாரும்தானே சொல்கிறார்கள், டீச்சர்" என்றான், என்னைப் பார்த்து. தெரியாமல்தான் கேட்டான்.

அப்பா மேசையைத் தட்டினார். "டீச்சர் தன் இனத்துக்குப் பேசுகிறார்!" ஆறு வருஷம் பயந்த வார்த்தை. கேட்டுவிட்டேன். உயிர் போகவில்லை.

முடிவு: நீக்கம் இல்லை. இருவருக்கும் ஒரே இடைநீக்கம், ஆலோசகர். தர்ஷினி ஏற்கெனவே வீட்டில் இருந்த நாட்கள் கணக்கில் சேரும், திங்கள் வரலாம். எனக்கு: முதல் அறிக்கையில் ஏன் மறைத்தேன் என்று எழுத்து மூலம் விளக்கம்.

அவள் அம்மாவுக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

வெயில் திரும்பிவிட்டது.

நேரில் போனேன். அசாம் ஜாவா தாண்டி, தோட்டத்து லயத்து வரிசை வீடு. அம்மா நர்சரியில் செம்பனைக் கன்றுக்கு உரம் போட்டுவிட்டு அப்போதுதான் வந்தார், கையெல்லாம் வெள்ளை. திரும்பக் கூப்பிடப் போனில் காசு இல்லையாம். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் டீச்சர், நீங்க விடமாட்டீங்கன்னு."

இல்லை அம்மா, நீக்கச் சொல்லி எழுதியதே நான்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கையை விட்டார்.

தர்ஷினி கதவு நிலையில் நின்றாள்.

"அன்னிக்கு நான் சொல்லச் சொல்ல நீங்க பேனாவ மூடி வச்சிட்டீங்க. ஞாபகம் இருக்கா டீச்சர்?"

இல்லை. எனக்கு ஞாபகமே இல்லை. அதைச் சொன்னேன்.

"எனக்கு இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். திங்கள் வருவாயா என்றேன். "பாக்கலாம்." டவுனில் ஒரு துணிக்கடையில் ஆள் கேட்டிருக்கிறார்களாம். அம்மா தண்ணீர்கூட வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. துணி துவைத்தது, மீன் கழுவியது. விளக்கக் கடிதம் முதல் வரியோடு நிற்கிறது.

அவள் வராவிட்டால்?

ஜூலை 14, திங்கள்

லேசான தூறல். ஆறரைக்கே வாசலில். ஏழு மணி, பஸ் இல்லை. ஏழு ஐந்து, இல்லை. கட்டொழுங்கு ஆசிரியர் தாமதப் பதிவேட்டை நீட்டினார். பஸ் தாமதத்துக்குப் பெயர் எழுத வேண்டாம் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

ஏழு பன்னிரண்டுக்குத் தோட்டத்துப் பஸ். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் தர்ஷினி. கட்டொழுங்கு ஆசிரியருக்கு வணக்கம் சொன்னாள். காவலாளிக்குச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை, அங்கே ஒரு ஆள் நிற்காத மாதிரி தாண்டிப் போனாள்.

வகுப்புக்குத்தான் போனாள்.