பிழை உன் காலில் இல்லை

இன்று மத்தியானம் வாழைச்சேனையில் ஒரு கராஜில் நம் காரின் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தான். சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. எரிந்த பெட்ரோல் மணம் கையோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணன், இந்த நுனியப் பாருங்க. தேஞ்சு தேஞ்சு இடைவெளி எவ்வளவு விழுந்திருக்கு. டர்போவையும் கூட்டி வெச்சிருக்கீங்க. இதோட எப்பிடி ஓடினீங்க?"

இதோடு வாகரை றோட்டில் காரை ஓடியது என் மனைவி, நீ என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

உனக்கு நினைவிருக்கும், அந்தச் சின்ன டர்போ காரை வாங்கியதும் நான் சும்மா இருக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்து, மடிக்கணினியை மாட்டி, இழுவை கூடட்டும் என்று டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றைக் கூட்டுவித்தேன். போகும்போது அவர் சொன்னார், "இனி பிளக்கை நேரத்துக்கு மாத்துங்க. தேஞ்ச பிளக் இந்தக் காற்றுக்குத் தாங்காது." நான் தலையாட்டினேன். சொந்தக்காரர் யார் வாகனம் வாங்கினாலும் என்னைத்தானே கூட்டிப்போவார்கள்? எனக்கு இதையெல்லாம் ஒருவர் சொல்லித் தரவேண்டுமா என்ற எண்ணம். அன்றே மறந்தும் போனேன்.

கார் உன் கைக்கு வந்தது. வாகரைக் கந்தோருக்கு வேலைக்கு நீ தினமும் அதில்தான் போனாய். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு கார் ஓடுவாய். கூட வேலை செய்த ராணி அக்காவை வழியில் ஏற்றிக்கொள்வாய். திரும்பி வரும்போது பனிச்சங்கேணிப் பாலத்தடியில் நிறுத்தி இறால் வாங்கி வருவாய். நாற்பது வயதில் கார் பழகிய உனக்கு அந்த றோட்டில் இருந்த சந்தோஷத்தை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

ஒருநாள் வந்து சொன்னாய்: "ஏத்தி மிதிக்கக்குள்ள கார் வெட்டி வெட்டி இழுக்குதுங்க. மெல்லப் போனா ஒண்டுமில்ல. முந்தப் போனாத்தான்."

நான் காரை எடுத்துக்கொண்டு வாவிக்கரை றோட்டால் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். டவுனுக்குள் யார் ஏத்தி மிதிப்பது? கார் பட்டுப் போல ஓடியது. "காரில ஒண்டுமில்ல, உன்ட காலிலதான் பிழை. ஒரு சீரா மிதிக்கோணும்" என்றேன். "ஒருக்கா அந்த றோட்டில என்னோட வந்து இருந்து பாருங்களன்" என்று நீ கேட்டாய். நான் வரவில்லை.

இன்று அந்த மெக்கானிக் பையன் இரண்டே நிமிடத்தில் விளங்கப்படுத்தினான். மெல்ல ஓடும்போது தேய்ந்த பிளக்கும் எப்படியோ பொறியைக் கொடுத்துவிடும். அழுத்தி மிதித்ததும் டர்போ காற்றைத் திணிக்கும். அந்த அழுத்தத்தில் அவ்வளவு பெரிய இடைவெளியைப் பொறியால் தாண்ட முடியாது. பெட்ரோல் எரியாமல் விடும், கார் வெட்டும், இழுவை செத்துப்போகும். நீ சொன்னதைத்தான் அவன் சொன்னான். நீ அதை இன்னும் குறைந்த சொல்லில் சொன்னாய்.

உன் காலில் பிழை என்று நான் சொன்ன பிறகுதான் காயான்கேணிக்குக் கிட்ட அந்த உழவு இயந்திரம். நீ அதை முந்தப் போனாய், பாதியில் கார் இழுக்காமல் விட்டது, எதிரே பஸ் வந்தது. எப்படியோ ஒதுக்கி மணலுக்குள் இறக்கி நிறுத்தினாய். அன்று வீட்டில் உன் தம்பி இருந்தான். நீ சொல்லி முடித்ததும் நான் அவனைப் பார்த்துச் சொன்னேன்: "மச்சான், உன்ட அக்காவுக்கு கார் இல்ல, மாட்டு வண்டில்தான் சரி." அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். நீயும் ஒரு மாதிரிச் சிரித்தாய். மறுநாள் காலை சாவி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. அதற்குப் பிறகு நீ அதைத் தொடவேயில்லை.

இரண்டு வருடம் பஸ்ஸில் போனாய். விடியும் முன் புறப்பட்டு, வாழைச்சேனையில் இறங்கி மாறி ஏறி. வீட்டில் இறால் சமைப்பதும் நின்றது. பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவது என்றாய். நான் அந்தக் காரை டவுனுக்குள் மெல்ல ஓடிக்கொண்டு, பார்த்தாயா, என் கையில் ஒரு வெட்டுமில்லை என்று இரண்டு மூன்று தரம் சொல்லியும் இருக்கிறேன். பிறகு டெங்குக் காய்ச்சல். ஆறு நாளில் நீ இல்லை.

போன கிழமை உன் ஆண்டுத் திவசம். வெல்லாவெளிக்குப் போய் மாமியையும் உன் தம்பி குடும்பத்தையும் ஏற்றி வந்தேன். கார் நிறைய ஆட்கள். நேரமும் போய்விட்டது. ஒரு லொறியை முந்த ஏத்தி மிதித்தேன். வெட்டியது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம் இழுவையே இல்லை. பின்வாங்கி லொறிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பக்கத்தில் இருந்த உன் தம்பி மெதுவாகக் கேட்டான்: "அத்தான், அக்கா சொன்னது இதத்தானே?"

"சீ, இது பெட்ரோல் சரியில்ல" என்றேன். உன் திவசத்துக்குப் போகிற வழியிலும் நான் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவன் கேட்டது மனதை விடவில்லை, அதுதான் இன்று கராஜுக்குப் போனேன்.

இன்று புதுப் பிளக் போட்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் வாகரைப் பக்கம் காரை விட்டேன். காயான்கேணி தாண்டி ஒரு உழவு இயந்திரத்தை முந்தினேன். கார் ஒரு வெட்டுமில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. உன் கந்தோர் வாசலில் ராணி அக்கா நின்றா. காரைக் கண்டதும் அவவின் முகம் மாறியது. நடந்ததை அவவிடம் ஒளிக்காமல் சொன்னேன். 

"தம்பி, நான் அப்பவே சொன்னன், வேற ஆரிட்டயும் காட்டு புள்ள எண்டு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'அவருக்குக் காரப் பத்தித் தெரியும் அக்கா, என்ட காலிலதான் என்னவோ நடக்குது' எண்டா. நரம்புல ஏதும் வருத்தமோ எண்டு பயந்து டொக்டரிட்டயும் போனா. நான்தான் கூடப் போனன். உங்களுக்குச் சொல்லவேணாம் எண்டா."

கேலிக்குக் கோபித்துத்தான் நீ சாவியை வைத்தாய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நீ என் சொல்லை நம்பித்தான் வைத்திருக்கிறாய். நன்றாயிருந்த உன் காலையே நோய் பிடித்த கால் என்று நினைக்க வைத்திருக்கிறேன்.

வாசலில் நின்றபடியே உன் தம்பிக்கு அழைத்தேன். "மச்சான், அண்டைக்குப் பெட்ரோல் இல்ல. பிளக்தான். உன்ட அக்கா சொன்னது சரி. நான்தான் பிழை."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். "நானும் சிரிச்சனான் அத்தான்" என்றான்.  இருவரும் அழைப்பை உடனே வெட்டவில்லை.

இதை நான் யாருக்குச் சொன்னாலும் கேட்கவேண்டியவள் நீ ஒருத்திதான். டொக்டரின் அறை வாசலில், கால் நடுங்குகிறதா என்று குனிந்து பார்த்தபடி நீ இருந்திருப்பாய். நான் பார்க்காத அந்தக் காட்சிதான் இனி என்னோடு இருக்கும்.