அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம்தான், ஆனால் அவளைச் சுகமாக வைத்திருப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காததால் டாக்டர் புதிதாக ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் ரெனின் என்று ஒன்றைச் சுரக்கிறதாம். அது கூடினால் ரத்தக்குழாய் இறுகும், உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். ரத்தம் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்றாள் பரிசோதனைக்கூடத்துப் பெண். உன் அம்மாவுக்கு அது ஆகிற காரியமா? எதிர்ச் சுவர் டிவியில் வாலிபால் ஓடியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் ஆயிற்றே, "யோவ், பந்து கோட்டுக்கு உள்ளதான்யா விழுந்துச்சு, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று எழுந்து நின்று நடுவரைத் திட்டினாள். அவனுக்குக் கண்ணாடி வேண்டுமானால் என் கடைக்கு அனுப்பு, நீ உட்கார் என்று இழுத்து உட்கார வைத்தேன். மறுபடி எழுந்தாள். முகம் சிவக்கச் சிவக்கத்தான் ரத்தம் கொடுத்தாள்.

ரெனின் எக்கச்சக்கமாக இருக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை. அன்று எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்க, "நான் பாட்டுக்கு அமைதியாத்தான் இருந்தேன்" என்று கூசாமல் சொல்கிறாள்! நான் உள்ளதைப் போட்டு உடைத்துவிட்டேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோபமோ பயமோ வந்தா மூளையிலேர்ந்து நரம்பு வழியா சிறுநீரகத்துக்கும் உத்தரவு போகும்மா. அதுவும் உடனே ரெனினை அள்ளி விட்டுடும்" என்றார்.

இன்னொரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை டிவியை அணைக்கச் சொல்லி, அவள் செல்போனை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று அழுதுவிட்டாள். "கிட்னி போயிடுச்சுன்னா நான் மைதானத்துக்கே போக முடியாதேங்க. அன்னிக்கும் அந்த நெனப்பை விரட்டத்தான் கத்தினேன்" என்கிறாள். இதை முன்னாடியே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அதையும் நான் எரிச்சலாகத்தான் கேட்டேன், வேறெப்படிக் கேட்க எனக்குத் தெரியும்? அழுது ஓய்ந்து, மூச்சு சீரான பிறகு இன்னொரு அரை மணி நேரம் காத்திருந்து ரத்தம் எடுத்தார்கள். ரெனின் நன்றாகவே குறைந்திருந்தது. அந்த நரம்பு போடும் உத்தரவைச் சிறுநீரகம் காதில் வாங்காமலிருக்க ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார் டாக்டர், அழுத்தமும் மெல்ல இறங்குகிறது.

நீயும் அவளை உரித்து வைத்தவள், ஆபீசில் யாரோடும் மல்லுக்கு நிற்காதே. அவளுக்கு மேட்ச் வீடியோ அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்து. நீ நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு, ஆனால் அவள் அழுததை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா