மணி எத்தனை அடி?

அக். 13, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

விவசாயிகளுக்கு நாங்கள் அனுப்பும் அணை நிலவரச் செய்தியில் தப்பு. ஆறு மணிச் செய்தி: மணிமுத்தாறு 6 அடி. முதலாளி அண்ணாச்சியின் போனில் ஒரு விவசாயி போட்ட சத்தம் என் மேசை வரை கேட்டது: “ஆறடி தண்ணியாவே? என் எருமை முங்கவே காணாதே!”

செய்தியைத் தானாக அனுப்பும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டைச் சரிசெய்யும் வேலை எனக்கு. தீபாவளி கழிந்து பெரிய வேலை வருகிறது. பொறுப்பு எனக்கா, இசக்கிக்கா என்பது இதில் தெரிந்துவிடும். (இனி இ. போதும். அவளுக்கு முழு மை செலவழிக்க மாட்டேன்.) வந்து ஆறு மாசம். அதற்குள் அண்ணாச்சிக்கு எதற்கெடுத்தாலும் “இசக்கியக் கேளு.” எனக்கு இங்கே ஏழு வருஷம்.

சாயங்காலம் இ. பக்கத்தில் வந்து, “ஏக்கா, உள்ள எண்ணப் போட்டு வச்சிருக்க வேரியபிள் பேரு எல்லாத்தையும் ஒருக்கா வரிசையா எடுத்துப் பாருங்களேன்.”
எனக்குத் தெரியும் என்றேன். அவள் சொன்னதற்காகவே செய்யவில்லை.

அக். 14, செவ்வாய்
வெயில்.
பத்து மணிக்கு ஓட்டினேன்: 10 அடி. மத்தியானம்: 12. அணை பாட்டுக்கு நிரம்புகிறது, நான் காய்கிறேன்.
இ. புதுச் சுடிதார். நன்றாகத்தான் இருக்கிறது, சனியன்.
வாங்க: உளுந்து, குடைக்குக் கம்பி.

அக். 15, புதன்
இ. பேங்குக்குப் போன நேரம் பார்த்து, ஸ்கிரிப்டைப் பாதியில் நிறுத்தி எல்லா வேரியபிளையும் எடுத்தேன். பாபா, சேர்வா (மற்ற இரண்டு அணைகள்), சும்மா1, சும்மா2 (சும்மாக்கள் என்னுடையவை), மணி.
மணி = 11.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று.

மணிமுத்தாறுக்கு இ. வைத்த பெயர் மணி. போன வாரம் செய்தியில் நேரமும் வரட்டும் என்று நான் சேர்த்தேனே, அதற்கும் மணி. அவள் அணையின் மேல் என் கடிகாரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நானும் புதுசாக ஏதாவது செய்வேன் என்று காட்டத்தான் அதைச் சேர்த்தேன்.
என்னுடையதை ‘நேரம்’ என்று மாற்றினேன். சரியாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக். 16, வியாழன்
மழை. குடை இன்னும் அப்படியே.
அண்ணாச்சி கேட்டார். “ஒரே பேரு ரெண்டு எடத்துல” என்று இழுத்தேன். இ. முந்திக்கொண்டாள்: “என் தப்புதான் அண்ணாச்சி. மணின்னு மொட்டையா வச்சது நாந்தான்.”
நான் குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.
“அப்ப புது வேலைய அக்காவே பாக்கட்டும்” என்றார்.

டீ நேரத்தில் இ., பைய: “நேரம் சேத்தது நீங்கன்னு திங்கக்கிழமையே பாத்துட்டேங்க்கா. உங்களுக்குத்தான இந்த வேலை வேணும்.”
இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறது. வயிறு எரிகிறது.
மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். “வடை திங்கியா?” என்றுதான் வந்தது.