வாவிக்கரைக் கம்பனியின் பால்

கல்குடா பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். நம் பழைய கம்பனி புதிதாகத் திறந்திருக்கும் தொழிற்சாலையைத் தாண்டும்போது பிளீச்சிங் தூளின் வாசம் உள்ளே வந்தது. பக்கத்தில் இருந்தவர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

வாவிக்கரையில் நாம் வேலை செய்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். விளம்பரங்களில் ‘எமது உற்பத்தி நிலையங்கள்’ என்று மற்ற ஊர்களின் படங்களையெல்லாம் போடுகிறார்கள். நீயும் நானும் தூளை அள்ளிப் பைகளில் நிறைத்த அந்த இடம் மட்டும் எதிலும் இல்லை.

முகமூடி வேண்டுமென்று நீதான் முதலில் வாய் திறந்தாய்.

“அதுக்குத்தானே பால் தாறம், பிறகென்ன?” என்றார் சுப்பவைசர்.

வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கோப்பைப் பால். நெஞ்சுக்குள் போன தூளை அது முறித்துவிடுமாம். நாமும் நம்பினோம். நான் ஒரு நாளும் விடாமல் குடித்தேன். நீ உன் பங்கைப் போத்தலில் ஊற்றி ஏறாவூருக்குக் கொண்டு போனாய். “எனக்கென்னகா, கல்லுப்போல இருக்கன். என்ட மகள் குடிச்சி வளரட்டும்” என்பாய்.

எல்லோருக்கும் இருமல் வந்தது. உன்னுடையது நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்தபடி, “அந்தப் பாலக் குடிச்சிருந்தா இப்பிடி வந்திருக்காதுகா” என்றாய். கம்பனியைத் திட்டுவாய் என்று பார்த்தால் உன்னையே திட்டிக்கொண்டாய்.

நீ போய்ச் சேர்ந்த அன்று உன் மவுத்து வீட்டுக்கு சுப்பவைசரும் வந்தார். “நாங்க பால் குடுத்தம், அவதான் குடிக்கல்ல” என்று வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என்ன நெஞ்சழுத்தம்! உன் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் பாலைத் தொடவே இல்லை. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னமும் வெறும் தேத்தண்ணிதான்.

போன கிழமை என் இருமலுக்கு டொக்டரிடம் போனபோது பால் கதையைச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. “பால் வயித்துக்குத்தான் போகும் அம்மா. தூள் போனது நெஞ்சுக்கு. முகமூடியெல்லோ தந்திருக்க வேணும்” என்றா.

அதைச் சொல்லத்தான் இன்று ஓட்டமாவடியில் இருக்கும் உன் மகளிடம் போனேன். என்னைச் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்றுதான் கூப்பிடுகிறாள். சொல்லி முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப, உம்மா என்னாலதான் மவுத்தான எண்டு நான் நினைச்சது பொய்யா சாச்சி?”

“ஓம் மகள், பொய்” என்றேன். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

அவளுக்குச் சொல்ல நான் இருந்தேன். உனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுத்ததைக் குற்றமென்று நம்பியபடியே நீ கண்ணை மூடினாய். உன் உயிரை எடுத்ததைக்கூட ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ, இதை அவர்களுக்கு நான் மன்னிக்கவே மாட்டேன்.