முகத்துவாரத்துக்கு ஒரே பெயர்

பழவேற்காடு
பிரமோதூத வருஷம், ஆவணி 9

அன்புள்ள தனக்கோடிக்கு,

நீ பள்ளிக்கூடத்தை விட்டு ஊருக்குப் போன அன்றே, இங்கே நடப்பதை ஒன்றும் மறைக்காமல் எழுதுவதாகச் சொன்னேன். எழுதுகிறேன்.

ஒல்லாந்து வியாபாரக் கும்பினிக்குத் துபாஷியாக இருக்கும் என் நைனாவிடம், ஏரியில் எந்த இடம் யாருடையது என்று கோட்டைத் துரை கேட்டார். ஏரியைப் பற்றி நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. நானே எழுதினேன், நைனா ஒல்லாந்து பாஷையில் பெயர்த்தார். துரை என்னைக் கெட்டிக்காரி என்றார்.

முன்பு எழுதியவற்றுக்கு நீ ஏன் பதிலே போடவில்லை? நண்டு பிடிக்கிற கைக்கு எழுதுகோல் கனக்கிறதோ?

உன் தோழி,
தெய்வநாயகி

தோணிரேவு
ஆவணி 21

தெய்வநாயகிக்கு,

கைக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கு. வயிறுதான் காயுது.

முகத்துவாரத்தில் சீட்டுப்போட்டு நாற்பது குடும்பமும் நாளுக்கு ஒருவராய் வலை போடுவோம் என்பது உனக்குத் தெரியும். நேற்று எங்கள் முறை. தருமன் அண்ணன் தோணியோடு போனால் கும்பினிச் சேவகன் மறிக்கிறான். முகத்துவாரம் முழுக்க, எங்கள் நாற்பதில் ஒருவரான தங்கவேல் மாமாவின் இடமாம், அவர் கும்பினிக்கு விற்றுவிட்டாராம். மாமாவைக் கேட்டால், "என் ஒருநாள் முறைக்குத்தான் ரெண்டு சீலை குடுத்தாங்கன்னு நெனச்சு காயிதத்துல கீறல் போட்டேன்"னு அழுகிறார்.

எந்த மடையன் எழுதிக்கொடுத்தான் என்று அண்ணன் கத்தினான். உன் பெயரை நான் சொல்லவில்லை.

முறை மாறும் என்று எழுதினாயா? அதை மட்டும் சொல்.

தனக்கோடி

பழவேற்காடு
ஆவணி 24

தனக்கோடிக்கு,

எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். மறக்கவில்லை.

முதலில் நாற்பது பெயரையும் எழுதினேன். துரை முகம் சுளித்தார். "ஒரு இடத்துக்கு ஒரு பேர் போதும்மா" என்றார் நைனா. அன்றைய முறைக்காரர் தங்கவேல். மற்றவற்றை நானே அடித்து, வேறு காகிதத்தில் அழகாக எழுதினேன். தருமன் அண்ணன் பெயரை அடித்ததும் நான்தான். அதற்குத்தான் கெட்டிக்காரி என்றார்.

இன்று துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னது வெகுநேரம். நைனா பெயர்த்தது இரண்டே சொல். துரை சிரித்துத் தலையசைத்தார். வழியெல்லாம் நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடித்த காகிதம் என்னிடம் இருக்கிறது. கோடு போட்டிருந்தும் நாற்பது பெயரும் படிக்க வருகிறது. வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். எழுதியது யார் என்று நீ சொல்லாதே. அண்ணன் முன்னால் நானே சொல்கிறேன். அதன்பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி.

யாருக்கு எழுதுகிறாய் என்று நைனா இப்போது கேட்டார். சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டார். இந்தக் கடைசி வரிகளை இருட்டில் தடவி எழுதுகிறேன்.

தெய்வநாயகி