அவள் பேரில் வரும் வரி

11-2-2002, திங்கள்

காலையில் பனி. ஒன்பது மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். வாசல் பல்பு ஃபியூஸ். புதிது மாட்டினேன், நாற்பது வாட். தெருக் கம்பத்தில் விளக்கு எரியாததால் ஐந்து வருடமாக என் வீட்டு பல்புதான் இந்தத் தெருவுக்கு. கரண்டு பில் என்னுடையது. இதற்கு எவனும் எனக்கு வரி கட்டியதில்லை.

பில் கலெக்டர் வந்தார். புது ஆள்.

"வீட்டு வரி பாக்கி நிக்குது பெரியவரே. மார்ச்சுக்குள்ள முடிச்சிருங்க."

"சாக்கடைக்கு மூடி போட்டாச்சா?"

"அது வேற செக்‌ஷன்."

"அப்ப வரியவும் வேற ஆளுகிட்டப் போய்க் கேளுங்க."

நோட்டீசை வாசற்படியில் வைத்துவிட்டு, "அடுத்து தமுக்கு அடிக்கத்தான் வருவோம். தெருவுல அசிங்கமாப் போயிரும்" என்றார். அடிக்கட்டும். கொத்து வேலை பார்த்தவன் நான். சத்தம் எனக்குப் புதிதா?

நோட்டீஸ் வழக்கம்போல் அவள் பேரில். வீடு என் சம்சாரத்துடையது. "என் சங்கிலிய வித்து வாங்குன இடம், என் பேர்லதான் எழுதணும்" என்று பத்திர ஆபீஸ் வாசலில் நகராமல் நின்றவள். செத்து ஐந்து வருடம். அரை வருடத்துக்கு ஒரு தடவை இன்னும் அவளிடம் வரி கேட்கிறார்கள்.

எரியாத கம்பம், திறந்த சாக்கடை. அதில் விழுந்துதான் இடுப்பு முறிந்தாள். கட்ட மாட்டேன். அன்றிலிருந்து ஒரு காசு கட்டவில்லை.

17-2, ஞாயிறு

பருப்பு, சீயக்காய், கொசுவர்த்தி வாங்கினேன். முழங்கால் வலி.

மகள் செல்வியும் மருமகனும் பசுமலையிலிருந்து வந்தார்கள். மீன் குழம்பு கொண்டுவந்தாள். உப்பு தூக்கல். சொல்லவில்லை.

மருமகனுக்குக் காலேஜ் ஆபீசில் வேலை. சாப்பிட்டதும் ஆரம்பித்தார். "மாசச் சம்பளக்காரன்தான் மாமா மாட்டிக்கிறான். வரியப் புடிச்சுக்கிட்டுத்தான் சம்பளம் குடுக்குறாக. கூலிக்காரனுக்கு என்ன வரி?"

சொன்னேன்: தீப்பெட்டி, சோப்பு, பஸ் டிக்கெட், சுமந்த ஒவ்வொரு சிமிண்டு மூட்டை, எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. முன்பெல்லாம் சைக்கிளுக்கே வரி. வரி கட்டியதற்கு அடையாளமாகக் கொடுக்கும் தகர வில்லை இல்லையென்றால் சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வான். மருமகன் வில்லையைப் பார்த்ததே இல்லையாம்.

"சரி மாமா. ஆனா அத்தைய ரெண்டு மாசம் பெரியாஸ்பத்திரியில வச்சுப் பார்த்தாகளே, நீங்க பைசா குடுத்தீகளா? அதுவும் வரிதான."

"விழ வச்சதும் வரிதான்."

"வீட்டு வரி வேற, ஆஸ்பத்திரி காசு வேற மாமா. ரெண்டும் வேற வேற கஜானா."

"முறிஞ்சது ஒரே இடுப்பு."

செல்வி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது மருமகன் வாசல் பல்பைப் பார்த்து, "இதுவும் வரிதான் மாமா. நீங்களாவே கட்டுறீக" என்றார். எரிச்சல்.

19-2, செவ்வாய்

தமுக்கு வந்தது. காலை எட்டு மணி, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. பில் கலெக்டர், கூடத் தமுக்கு அடிக்கிற முத்து. முத்துவைத் தெரியும். சித்தாளாக என்னிடம் வேலை பார்த்தவன். தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

"அண்ணே, கோச்சுக்கிறாதீக. கூலிக்கு வந்தேன்."

"வேலையச் செய்யி."

டம டம டம. "இதனால் சகலருக்கும்..." அவள் பேர் பேச்சியம்மாள் என்று வந்தபோது வாய்க்குள் முழுங்கினான்.

"என்னடா முழுங்குற? பேரைச் சரியாச் சொல்லு."

பில் கலெக்டர் திகைத்துப் பார்த்தார். முத்து மறுபடியும் அடித்தான். கழுத்து நரம்பு புடைக்க, "பேச்சியம்மாள்! வீட்டு வரி பாக்கி! பேச்சியம்மாள்!"

எதிர்வீட்டு ராஜம் ஜன்னலில். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். நான் வாசலைப் பார்க்கவில்லை. பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வாசலில் குரல் கொடுத்தாலும் அவள் பின்னால் துணி துவைத்துக்கொண்டே "இந்தா வாரேன்" என்பாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். கொடியில் என் வேட்டி மட்டும் ஆடியது.

"இன்னொருக்கா" என்றேன்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சாய்யா?" என்று பில் கலெக்டர். முத்து சிரிக்கவில்லை. இன்னொரு முறை அடித்தான். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

20-2, புதன்

சாயங்காலம் ராஜம், "அக்கா பேரு பேச்சியம்மாளாண்ணே? இம்புட்டு வருசம் பழகியும் தெரியாதே" என்றாள்.

எப்படித் தெரியும்? தெருவுக்கு அக்கா. ஊருக்குக் கொத்தனார் சம்சாரம். சொந்தத்துக்கு மதினி, அத்தை. எனக்கு "இந்தா". இந்த நோட்டிலேயே நேற்றுதான் அந்தப் பேரை முதன்முதலாக எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார். காலையில் வந்ததும், "பேச்சியம்மா, கண்ணத் தொறங்க. என்னையப் பாருங்க" என்பார். இவளும் திறப்பாள். நான் "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டபோது திறக்கவில்லை.

யோசித்தால், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது சர்க்கார் மட்டும்தான். ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, வரி நோட்டீஸ்.

உழைக்கிறவன் வரியைத் திட்டுவது ஏன் என்றால், வாங்க வருகிறவனுக்கு முகம் இருக்கிறது. சர்க்கார் திருப்பிக் கொடுக்கிறபோது யார் கொடுத்தது என்று தெரிவதில்லை. நர்ஸம்மாவை எவனும் வரி என்று நினைப்பதில்லை. பில் கலெக்டரைத்தான் நினைக்கிறான். இப்படி எழுதுவதால் நான் கட்டிவிடுவேன் என்று அர்த்தமில்லை. சாக்கடை இன்னும் திறந்தேதான் கிடக்கிறது.

3-3, ஞாயிறு

வெக்கை தொடங்கிவிட்டது. தண்ணீர் இன்று அரை மணி நேரம்தான்.

செல்வி தனியாக வந்தாள். முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அப்பா, திட்டாதீக. பாக்கி அம்புட்டையும் கட்டியாச்சு. அம்மா பேரத் தெருவுல தமுக்கு அடிச்சாகளாமே, எனக்குத் தாங்கல."

வரி ஆபீசில் மருமகனுக்குத் தெரிந்தவர் இருக்கிறாராம். இறப்புச் சர்டிபிகேட், வாரிசுச் சர்டிபிகேட் எல்லாம் வைத்து, வரியை என் பேருக்கு மாற்றவும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

"இனிமே அம்மாவ யாரும் தொந்தரவு செய்ய மாட்டாக."

யார் தொந்தரவு என்று சொன்னது? அவள் முகம் அப்படியே அம்மா முகம். "போய்ட்டு வா" என்றேன். கொண்டுவந்த சோற்றைத் திறக்கவில்லை.

22-3, வெள்ளி

புது ரசீது, புது வரி எண் தாள். என் பேர், தகப்பன் பேர், கதவு எண். பில் கலெக்டர் வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான். நான் எழுந்திருக்க நேரமாயிற்று. என் பேரை நான் நிறையக் கேட்டுவிட்டேன்.

இரண்டு தாளையும் மேலும் கீழும் பார்த்தேன். அவள் எங்கும் இல்லை.

25-3, திங்கள்

வரி ஆபீஸ் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே. மார்ச் கடைசி, கூட்டம் நெரிந்தது. மேல்சட்டைப் பையில் அடுத்த அரையாண்டுக்கான பணம்.

பணம் கட்டும் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன். "ஏப்ரல் வரிய இப்பவே கட்டுறேன். ரசீது பழைய பேர்ல போட்டுக் குடுங்க. பேச்சியம்மாள்."

தாளைப் புரட்டினார். "இறந்துட்டாங்கன்னு நீங்கதான சர்டிபிகேட் குடுத்திருக்கீங்க?"

"குடுத்தது என் மக."

பின்னாலிருந்த பில் கலெக்டர் என்னைக் கண்டுகொண்டார். "அட, நம்ம சாக்கடை மூடிப் பெரியவரு! அஞ்சு வருசம் கட்ட மாட்டேன்னு நின்ன ஆளு, இப்ப கேக்காமயே கட்ட வந்திருக்காரு பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

"மூடி இப்பவும் போடலையே" என்றேன். "அதையும் கேப்பேன். மொதல்ல இந்தப் பேரைப் போடுங்க. பழையபடி நோட்டீஸ் அனுப்புங்க, வாசல்ல வந்து கூப்பிடுங்க. ஒவ்வொரு தடவையும் கட்டிருறேன். பாக்கியே வைக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா மெதுவாக, "உசுரோட இருக்கவங்ககிட்டதான் ஐயா வரி கேக்க முடியும்" என்றார்.

"என் பேர்ல கேட்டா கட்ட மாட்டேன்."

"அய்யா, பின்னால நிக்கிறவுகளுக்கு வழி விடுங்க" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

பணத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். ஆறு மணிக்கு வாசல் பல்பைப் போட்டேன்.

28-3, வியாழன்

காற்றே இல்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். செல்வி போன் செய்தாளாம், ராஜம் வீட்டுக்கு. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

இதை எழுதும்போது தமுக்குச் சத்தம். முத்து கைதான், அடி தெரியும். நம் தெரு இல்லை, இரண்டு தெரு தள்ளி. யாரையோ கூப்பிடுகிறான். பொம்பளை பேர் மாதிரி இருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை.

எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தேன்.