மாதாவுக்கு நேர்ந்த முடி

ஜூன் 13, வெள்ளி

மாலையில் நல்ல மழை. காயப்போட்ட துணி பாதி நனைந்துவிட்டது.

நாளைக்கு: புளிச்சோறு, அவர் மாத்திரை, குடை, மெழுகுவர்த்தி ஆறு, கத்தரிக்கோல்.

கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் பிலோமினா, மாதர் குழுவோடு பழைய தேவாலயங்கள் பார்க்கப் போகிறாள். வேனில் இரண்டு இடம் காலி. நானும் வீட்டுக்காரரும். அவரிடம் ஊர் சுற்ற என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம். வலது கை அசையவே இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த மாதா படத்தைப் பிடித்துக்கொண்டு, கை வந்தால் என் முடியைத் தருகிறேன் என்று நேர்ந்துவிட்டேன். எந்த ஊர் மாதா என்று சொல்லவில்லை. என் புத்தி அப்படி!

கை வந்தது. முழுசாக இல்லை. கரண்டி பிடிக்கிறார், சட்டைப் பொத்தான் இன்னும் நான்தான் போட வேண்டும். ஆனாலும் வந்தது வந்ததுதான். ஆவணியில் மகள் கல்யாணம். மொட்டைத் தலையோடு மணவறையில் எப்படி நிற்பது?

ஜூன் 14, சனி

வெயில். ஏழுக்கே கிளம்பிவிட்டோம்.

முதலில் கோலசிலாங்கூர் பக்கம். வண்ணக் கண்ணாடி ஜன்னல். தரையெல்லாம் சிவப்பு, நீலம். வாசலில் செருப்பைக் கழற்றியது நான் ஒருத்திதான். மெழுகுவர்த்தி இரண்டு. பாதரிடம் தனியாகக் கேட்டேன். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். “மாதா முடியெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. நன்றி சொன்னா போதும்.”

தப்பித்தோம் என்று இருக்க வேண்டும். இல்லை. தருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவள் நான்.

அடுத்தது சுங்கை பஞ்சாங் வழியில், வயல் ஓரம். பலகைச் சுவர், பழைய மணி. பூட்டிக் கிடந்தது. படியிலேயே இரண்டு ஏற்றினேன். காற்று.

பிலோமினா: “எல்லாம் ஒரே மாதாதான் லா! எதுக்கு எடத்துக்கு எடம் கொளுத்துற?”

“எங்க தோட்டத்து மாரியம்மாவும் டவுன் மாரியம்மாவும் ஒண்ணா? நேந்த எடத்துக்குப் போய்ச் சேரணும்ல?”

வேனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “என்ன நேந்த?”

சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலும்பாங் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் கடைசிக் கோயில். வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டியது. எட்டே பெஞ்சு. சாவி வைத்திருக்கும் ரோசம்மா அக்கா கதையைக் கேட்டுவிட்டு, “எதுக்கு லா மொட்டை? பொம்பளைங்க பூமுடி குடுத்துப் பாத்ததில்ல? நுனியில மூணு வெரக்கடை வெட்டுனா போதும். மாதா காலடியில வை, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார்.

எனக்குத் தெரிந்த வழக்கம்தான். பயத்தில் மறந்தே போயிருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கத்தரிக்கோலைப் பிலோமினாவிடம் நீட்டினேன். வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். “குடு. ஏங் கைக்குத்தான நேந்த?”

வளையத்துக்குள் கட்டைவிரல் போகவே நேரமானது. பிலோமினா உதவப் போனாள். “சும்மா இரும்மா” என்றார். பின்னல் நுனியை நானே பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை நழுவி, நாலாவதில் வெட்டினார்.

மாதாவே, எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், நன்றி.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். இட்லி மாவு புளித்துவிட்டது.

மகள் என் தலையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ஒரே கோணல்! கல்யாணத்துக்குள்ள சலூன்ல சரி பண்ணிடலாம்” என்றாள்.

முடியாது என்றேன். உங்கப்பா வெட்டினது.